12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 18 வோல்ட் காட்டுகிறது: மிச்சம் எங்கிருந்து வந்தது?

கேள்வி, மார்ச் 2, மாலை 6.40

அண்ணே, பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கிறேன். 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி உள்ள போர்டு ஒன்று வாங்கி ஆம்ப்ளிஃபயர் செய்கிறேன். 12 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், நாலு 4007 டையோடு, 1000 மைக்ரோ ஃபாரட் 16 வோல்ட் கண்டென்சர். டிரான்ஸ்ஃபார்மர் முனையில் மீட்டர் வைத்தால் ஏசி 13.5. டையோடுக்குப் பிறகு டிசியில் 11. டையோடு கொஞ்சம் தின்னும் என்று சார் சொல்லியிருக்கிறார், சரி. கண்டென்சரைப் போட்டதும் 18! கண்டென்சர் கரண்ட் தயாரிக்குமா? மீட்டர் போய்விட்டதா? போர்டில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. இன்னும் இணைக்கவில்லை, பயமாக இருக்கிறது.

பதில், மார்ச் 2, இரவு 8.15

மீட்டர் நன்றாக இருக்கிறது. மூன்று எண்ணும் சரி. மூன்றும் மூன்று வேறு சங்கதிகளைச் சொல்கின்றன.

ஏசி என்றால் திசை மாறி மாறி அலை போல ஏறி இறங்கும் கரண்ட், டிசி என்றால் ஒரே திசை. ஏசி 13.5 என்பது அந்த அலையின் உயரம் இல்லை. ஒரு பல்பை அந்த ஏசி எவ்வளவு சூடாக்குமோ, அதே அளவு சூடாக்க எவ்வளவு டிசி வேண்டும் என்ற கணக்கு அது. அலையின் உச்சம் அதைவிட 1.414 மடங்கு, அதாவது 19.1 வோல்ட். வீட்டு 230-ம் அப்படித்தான், உச்சத்தில் அது 325.

டையோடு கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும். நாலு டையோடும் சேர்ந்து கீழ்ப்பக்க அலையைத் தூக்கி மேலே நிமிர்த்தி வைக்கின்றன. இப்போது வரிசையாக மேடுகள், நொடிக்கு 100. ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவில் பூஜ்யம் வரை இறங்கும் பள்ளம். உன் மீட்டரின் டிசி ரேஞ்ச் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடராது, சராசரியைக் காட்டும். சராசரி என்பது ஏசி எண்ணில் 0.9 பங்கு: 12.15. ஒரே நேரத்தில் இரண்டு டையோடு வழியாகப் போக வேண்டும். லோடு, அதாவது கரண்ட் குடிக்கும் சாமான், இல்லாதபோது ஒவ்வொன்றும் அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே தின்னும், இரண்டும் சேர்ந்து 1.1 வைத்துக்கொள். கழித்தால் 11.

கண்டென்சர் எதையும் தயாரிப்பதில்லை. மேட்டின் உச்சி வந்தபோது நிரம்பியது, அவ்வளவுதான். 19.1 கழித்தல் 1.1, 18. குடிக்க ஆள் இல்லாததால் அப்படியே நிற்கிறது.

எங்கள் தெருவில் குடிநீர் காலையில் அரைமணி நேரம் வரும். டிரம்மைப் பிடித்து வைத்துவிட்டால் நாள் முழுக்கத் தண்ணீர். டிரம்மைப் பார்த்து "இது தண்ணீர் உற்பத்தி செய்கிறதா" என்று யாரும் கேட்பதில்லை.

டிரான்ஸ்ஃபார்மரில் 12 என்று எழுதி 13.5 வருவதும் ஏமாற்று இல்லை. அந்த 12 என்பது 3 ஆம்பியர் எடுக்கும்போது நிற்கும் அளவு. சும்மா இருக்கும்போது கூடுதலாகத்தான் காட்டும்.

மார்ச் 2, இரவு 8.40

திரும்பப் படித்தபோதுதான் பார்த்தேன். 16 வோல்ட் வரைதான் தாங்கும் கண்டென்சரில் 18 வோல்ட்டா! பிளக்கைப் பிடுங்கு. முதலில் அதைக் கழற்று. 25 வோல்ட் போடு, 35 கிடைத்தால் இன்னும் நல்லது.

இதே வேலையை நான் பத்தாவது படிக்கும்போது செய்தேன். பத்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் "ஏன் சூடாகிறது" என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், அடுத்த நொடி பட்டாசு. உள்ளே சுற்றியிருந்த காகிதம் நூல் நூலாகப் பிரிந்து அம்மாவின் சாமி படத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த மீன்வாடை மாதிரி நெடி இரண்டு நாள் போகவில்லை. நிமிராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில சமயம் நினைப்பேன்.

கண்டென்சரின் தலையில் கூட்டல்குறி மாதிரி கீறல் இருக்கும், பார்த்திருப்பாய். அழகுக்கு இல்லை. வெடிப்பதற்கு முன் அந்த வழியாகக் கிழிந்து ஆவி வெளியேறட்டும் என்றுதான். சின்ன சைஸில் அந்தக் கீறலும் இருக்காது. பக்கவாட்டில் கோடு போட்ட கால் மைனஸ். மாற்றிப் போட்டாலும் இதே பட்டாசுதான், இன்னும் சீக்கிரம்.

மார்ச் 3, காலை

"ஐசி 18 தாங்குமா" என்று கேட்டிருக்கிறாய். 4440-க்குத் தயாரித்தவர்கள் சொல்லும் பொருத்தமான சப்ளை 13.2 வோல்ட், கார் பேட்டரிக்கு என்று செய்த ஐசி அது. ஓடும்போது உச்ச வரம்பு 18. ஆக நீ விளிம்பில் நிற்கிறாய். ஆனால் போர்டு இணைத்துப் பாட்டு ஓடும்போது 18 நிற்காது, இறங்கும்.

ஐசியை வைத்துச் சோதிக்காதே. பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், ஒன்றை லோடாகப் போட்டு அளந்து சொல்.

4007 ஒரு ஆம்பியர் டையோடு. பிரிட்ஜில், அதாவது இந்த நாலு டையோடு இணைப்பில், ஒவ்வொரு ஜோடியும் பாதி நேரம்தான் வேலை செய்வதால் கணக்குப்படி நாலும் சேர்ந்து 2 ஆம்பியர் தாங்கும், கையை வைத்தால் சுடும். 5408 போடு, 3 ஆம்பியர், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் கால் தடியாக இருக்கும், போர்டு ஓட்டையில் நுழையாமல் அடம் பிடிக்கும். ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்.

டிரான்ஸ்ஃபார்மர் 3 ஆம்பியர் என்பதால் 3 ஆம்பியர் டிசி தாராளமாக எடுக்கலாம், அதில் கவலை இல்லை.

(மார்ச் 6 பார்க்கவும். மேலே உள்ள கடைசி வரி தப்பு. அழிக்காமல் விட்டிருக்கிறேன்.)

மார்ச் 3, மாலை

பல்பு போட்டதும் 12.6 என்கிறாய். இப்போது மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து அதே இடத்தில் அளந்தால் அங்கேயும் ஏதாவது காட்டும். உன் "டிசி"யில் இன்னும் ஏசி குடியிருக்கிறது.

மார்ச் 4

கோவையிலிருந்து ஒருவர் என்னைப் பிடித்திருக்கிறார். முதல் நாள் நான் எழுதியதைப் படித்தால் ஏசியை டிசி ஆக்குவது கண்டென்சர்தான் என்று தோன்றுகிறதாம். டையோடு போட்ட உடனேயே அது டிசிதான், திசை மாறவில்லையே, பிளஸ் எப்போதும் பிளஸ்தானே என்கிறார்.

பாடப்புத்தகப்படி அவர் சொல்வது சரி. நேர்திசை என்றால் ஒரே திசை, சமமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த "டிசி"யை ஒரு ரேடியோவுக்குக் கொடுத்துப் பாருங்கள். பேட்டரி சார்ஜ் செய்ய, மோட்டார் சுற்ற, முலாம் பூச அது போதும். பாட்டுக் கேட்க ஆகாது. நான் சவுண்டு சர்வீஸ் ஆள். எனக்கு டிசி என்றால் ஸ்பீக்கரில் சத்தம் வராத டிசி.

சரி, கண்டென்சர் எவ்வளவு வேண்டும்? இரண்டு மேட்டுக்கு நடுவில் 10 மில்லி நொடி. அந்த நேரத்தில் லோடு குடித்தால் டிரம் எவ்வளவு இறங்கும்? ஆம்பியரை 100-ஆல் வகுத்து, அதைக் கண்டென்சரின் ஃபாரட் அளவால் வகுத்தால் வோல்ட். 1 ஆம்பியர், 1000 மைக்ரோ: 10 வோல்ட் இறக்கம். உண்மையில் கொஞ்சம் குறைவு, அடுத்த மேடு 10 மில்லி நொடி முடியும் முன்பே வந்து தூக்கிவிடும். இருந்தாலும் உன் பல்புக்கு 6 வோல்ட் போல ஆடியிருக்கும். அதனால்தான் சராசரி 12.6. 4700 போட்டால் 1 ஆம்பியருக்கு 2 வோல்ட் ஆட்டம். 4440-க்கு நான் 4700-க்குக் குறைந்து போடுவதில்லை.

கடையில் "மின்தேக்கி" என்று கேட்காதே. "கெப்பாசிட்டர்" என்றால்கூடச் சில கடைகளில் ஃபேனுக்கா என்பார்கள். "கண்டென்சர், 4700, 25 வோல்ட்" போதும்.

மார்ச் 4, இரவு

இது கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனால் எழுதாமல் தூக்கம் வராது.

இந்த ஆட்டம் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று கேட்கும். நாலு டையோடும் வேலை செய்தால் 100 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் சட்ஜமம் 131 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், தம்பூராவின் பஞ்சமத் தந்தி அதற்குக் கீழே 98. ஆக ஹம் அடிக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒரு கட்டைக்காரருக்குச் சற்றே ஏறின பஞ்சமம் போட்டுக் கொடுக்கிறது. ஒரு டையோடு திறந்துபோய் அரை அலை ஆகிவிட்டால் 50 ஹெர்ட்ஸ், அதே பஞ்சமம் ஒரு ஸ்தாயி கீழே. எங்கள் ஊர் பஜனை மடத்தில் ஒரு வருடம் இப்படி ஓடியது. ஹம்மின் ஸ்தாயி இறங்கியதைக் கேட்டுத்தான் டையோடு போனதைக் கண்டுபிடித்தேன். மீட்டர் எடுக்கவே இல்லை. பாகவதர் மட்டும் "இன்றைக்கு சுருதி கனமாக இருக்கிறதே" என்றார்.

மார்ச் 5

"ஏன் முதலிலேயே டிசியாகத் தயாரிக்கக் கூடாது, டைனமோ மாதிரி" என்று ஒருவர். தயாரிக்கலாம். பழைய கார் டைனமோ அப்படித்தான். சுழலும் சுருளில் பிறப்பது அங்கேயும் ஏசிதான், கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் சேர்ந்து ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் இணைப்பை மாற்றி ஒரே திசைக்குக் கொண்டுவரும். இரும்பால் செய்த டையோடு என்று சொல்லலாம். தேய்மானம், தீப்பொறி, பராமரிப்பு. மலிவான சிலிக்கான் டையோடு வந்ததும் கார்க்காரர்கள் ஆல்டர்னேட்டருக்குப் போய்விட்டார்கள். அதில் மூன்று பேஸ் ஏசி, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி வரும் மூன்று அலை, பின்பக்கத்தில் ஆறு டையோடு. சைக்கிள் டைனமோவும் இப்படி நேராக டிசி.

மார்ச் 5, ஒரு மணி நேரம் கழித்து

சைக்கிள் டைனமோ டிசி இல்லை. ஏசி. எழுதிவிட்டு டீ குடிக்கும்போது நினைவு வந்தது, அதுவும் நானே அடிபட்டுக் கற்ற விஷயம்.

அதில் சுற்றுவது காந்தம், நிற்பது சுருள். கம்யூட்டேட்டரே கிடையாது. பெயர்தான் டைனமோ. பல்புக்கு ஏசியா டிசியா என்ற கவலை இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. சின்ன வயதில் 6 வோல்ட் தானே என்று அதை நாலு செல் ரேடியோ ஒன்றில் நேராக இணைத்து மிதித்தேன். "பர்ர்ர்" என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். ரேடியோ அண்ணனுடையது. டையோடு என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது அதைப் பழுது பார்த்த மெக்கானிக் வாயிலிருந்துதான், திட்டோடு சேர்த்து.

பைக்கில் இருக்கும் ஆர்ஆர் (ரெகுலேட்டர் ரெக்டிஃபயர்) யூனிட்டும் இதே கதைதான். இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் காந்தத்தால் பிறப்பது ஏசி, அதைத் திருத்திக் கட்டுப்படுத்துவது அந்த அலுமினிய டப்பா. பழைய பைக்குகளில் ஹெட்லைட்டுக்கு ஏசியையே நேராகக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் சிக்னலில் நின்றால் வெளிச்சம் மங்கி, ஆக்சிலேட்டர் முறுக்கினால் பளிச்சிடும்.

மார்ச் 6

இது முக்கியம். மார்ச் 3 அன்று "3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், 3 ஆம்பியர் டிசி தாராளமாக" என்று எழுதியிருந்தேன். மதுரையில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் கட்டும் ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: "12-ஐ 3-ஆல் பெருக்கினால் 36. 12-இன் உச்சம் 17, டையோடு தின்றது போக உங்கள் டிசி 16, அதை 3-ஆல் பெருக்கினால் 48. மிச்சம் 12 வாட் உங்கள் மாமனார் வீட்டிலிருந்து வருகிறதா?"

பதில் இல்லை. முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன், "வோல்ட் ஏன் கூடுகிறது" என்று பாடம் எடுத்தேன், அதன் விலை என்ன என்று எழுதவில்லை. தம்பியின் முதல் கேள்விக்கு முழுப் பதில் இங்கேதான் இருக்கிறது: வோல்ட்டில் வந்த லாபத்தை ஆம்பியரில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வெறும் வாட் கணக்குப் பார்த்தால் 36-ஐ 16-ஆல் வகுத்து 2.25 ஆம்பியர். அதுகூடக் கிடைக்காது. காரணம் டிரம். குழாயில் தண்ணீர் டிரம்மின் மட்டத்துக்கு மேலே வரும்போதுதான் டிரம்முக்குள் இறங்கும். அதாவது மேட்டின் உச்சிப் பக்கம் 2, 3 மில்லி நொடி மட்டும். மிச்ச 7, 8 மில்லி நொடி டையோடுகள் மூடிக்கிடக்கும். லோடுக்கு வேண்டிய அத்தனையையும் அந்தச் சின்ன இடைவெளியில் இழுத்தாக வேண்டும். கால் பங்கு நேரத்தில் இழுத்தால் நாலு மடங்கு ஓட்டம். செம்புக் கம்பியின் சூடு ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப: 16 மடங்கு, கால் பங்கு நேரம், ஆக நாலு மடங்கு சூடு. சராசரி ஓட்டம் அதேதான், கம்பி மட்டும் வேகும்.

பிரிட்ஜும் கண்டென்சரும் போட்டால், டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் ஆம்பியரில் 0.6 பங்குதான் டிசியாக எடுக்கலாம் என்பது காயில்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. உன் 3 ஆம்பியருக்கு 1.8.

இது தெரியாமல் நான் ஒருமுறை ஆடி மாதம் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு செட் கட்டிக் கொடுத்தேன். 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், 4 ஆம்பியர் டிசி எடுக்கும் லோடு. "ஒரு ஆம்பியர் கையிருப்பு இருக்கிறது" என்று பெருமை வேறு. இரவு பதினோரு மணிக்கு வார்னிஷ் வாசனை. கரகாட்டம் உச்சத்தில் இருக்கிறது, நிறுத்த முடியாது. பூசாரி வீட்டு டேபிள் ஃபேனை வாங்கி வந்து பெட்டியின் மூடியைக் கழற்றி விடியும்வரை காற்று வீச வைத்தேன். தப்பித்தது. மட்டமான டிரான்ஸ்ஃபார்மர் என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் மேல் தப்பே இல்லை.

மார்ச் 6, இரவு

டிரம் உவமையை நானே இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். தெருவில் எல்லாரும் ஒரே அரைமணியில் குழாயைத் திறந்தால் என்ன ஆகும்? வேகம் குறையும். கரண்டிலும் அப்படியே. டிவி, கம்ப்யூட்டர், சார்ஜர், எல்இடி பல்பு எல்லாவற்றிலும் வாசலிலேயே நாலு டையோடும் ஒரு கண்டென்சரும். ஊரே ஒரே நேரத்தில் அலையின் உச்சியில் வாய் வைத்து உறிஞ்சுகிறது. அலையைத் திரையில் காட்டும் என் ஸ்கோப்பில் வீட்டுச் சப்ளையை ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பார்த்தால், ராத்திரி எட்டு மணிக்கு அலையின் தலை சீவியது போலத் தட்டையாக இருக்கும். பாடப்புத்தகத்துச் சைன் அலையை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

மார்ச் 8

டிரான்ஸ்ஃபார்மர் சூடு என்றதும் சித்தப்பா நினைவு. டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். கார்பன் ஆர்க் விளக்குக்கு டிசி வேண்டும். டிசியில் பிளஸ் கார்பனின் நுனியில்தான் பள்ளம் விழுந்து அந்த வெள்ளை ஒளி எல்லாம் ஒரே இடத்தில் பிறக்கும், கண்ணாடி வைத்துக் குவிக்கலாம். பிளஸ் சீக்கிரம் கரையும் என்பதால் அதைத் தடியாகச் செய்திருப்பார்கள். ஏசி கொடுத்தால் இரண்டு நுனியும் மாறி மாறி எரியும், ஒளியும் நொடிக்கு 100 தடவை துடிக்கும். புரொஜெக்டர் ஷட்டர் நொடிக்கு 48 தடவை மூடித் திறக்கும். 48-இன் இரட்டிப்பு 96. 100-க்கும் 96-க்கும் ஒத்துப்போகாமல் திரையில் நொடிக்கு நாலு தடவை வெளிச்சம் அலையடிக்கும்.

கிராமத்தில் டிசி ஜெனரேட்டரே இருந்தது, பிரச்சினை இல்லை. பிறகு அவர் டவுன் தியேட்டருக்குப் போனார். அங்கே ஆபரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி. கதவு இடுக்கில் நீலமும் ஊதாவுமாக ஒளி. உள்ளே பூசணிக்காய் பெரிதில் ஒரு கண்ணாடிக் குடுவை, பக்கவாட்டில் கைகள் முளைத்து, அடியில் பாதரசம், அதன்மேல் ஒரு ஒளிப்புள்ளி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். பாதரச ஆவித் திருத்தி, ஏசியை டிசி ஆக்கும் சாமான். பாதரசக் குளத்திலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பிக் கைகளுக்குப் போகும், கைகளிலிருந்து திரும்பி வராது. பீட்டர் கூப்பர் ஹெவிட் 1902-இல் கண்டுபிடித்த சாமான். நான் படம் பார்க்காமல் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சித்தப்பா "ரொம்பப் பார்க்காதே, கண் போய்விடும்" என்பார்.

நாலு டையோடு போடும் இந்தப் பிரிட்ஜ் அதற்கும் முந்தியது. கரோல் போலாக் 1890-களின் நடுவில் காப்புரிமை வாங்கினார், லியோ கிரேட்ஸ் 1897-இல் தனியாக அதையே வெளியிட்டார். கிரேட்ஸ் பெயர் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 9

"அலை துடிப்பதுதான் பிரச்சினை என்றால் மேடுகளை நெருக்கி வைக்கலாமே" என்று கோவைக்காரர். அதேதான். மூன்று பேஸில் ஆறு டையோடு போட்டால் ஒரு மேடு இறங்கும் முன் அடுத்தது வந்துவிடும், பள்ளம் பூஜ்யத்துக்குப் போகவே போகாது. நொடிக்கு 300 மேடு. கண்டென்சர் இல்லாமலேயே ஓரளவு சமம். இரண்டு செட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக் கோத்தால் 600.

அந்த 600-ஐத்தான் பெரிய மின்பாதைகளில் பயன்படுத்துகிறார்கள். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம்ம புகளூருக்கு வரும் பாதை: கூட்டல் கழித்தல் 800 கிலோவோல்ட் டிசி, 6000 மெகாவாட், 1,700 கிலோமீட்டருக்கு மேல். அங்கே டையோடுக்குப் பதில் தைரிஸ்டர், எப்போது திறக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். இங்கே புகளூரில் டிசியை மறுபடி ஏசி ஆக்குகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே புகளூரில் இன்னொரு பக்கம் ஏசியை டிசியாக்கி, 320 கிலோவோல்ட்டில் 2000 மெகாவாட் திருச்சூருக்கு அனுப்புகிறார்கள். ஒரு கையால் குடத்தைக் கவிழ்த்து மறு கையால் நிரப்புகிற மாதிரி. இரண்டும் வேறு வேறு ஜாதி இயந்திரங்கள், வோல்ட்டும் வேறு, நேராக ஒட்ட முடியாது என்பது பிறகுதான் புரிந்தது.

மார்ச் 10

தம்பி கேட்டிருக்கிறான்: "அண்ணே, சார்ஜரில் டிரான்ஸ்ஃபார்மரைக் காணோம், 230-இலேயே நேராக நாலு டையோடு இருக்கிறது. நானும் அப்படிச் செய்து 12-ஆகக் குறைத்துக்கொள்ளலாமா?"

கூடாது.

மார்ச் 10, சற்று விளக்கமாக

சார்ஜரில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, சுண்டுவிரல் நுனி அளவில். இந்த வகை சப்ளைக்கு எஸ்எம்பிஎஸ் என்று பெயர்: 230-ஐ முதலில் நேராகத் திருத்தி 325 வோல்ட் டிசி ஆக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, மறுபடி ஏசி மாதிரி ஆக்கி, அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, மறுபடி டையோடு. வேகம் கூடினால் இரும்பு குறையும். அதனால்தான் கனம் இல்லை.

அந்த 325 வோல்ட் கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிரம்பியே நிற்கும். 100 மைக்ரோ என்றால் 5 ஜூல் சொச்சம். சொல்லக் கேட்டால் கொஞ்சம்தான். நான் ஒரு டிவி போர்டைப் பிளக் இல்லாமல் கையில் தூக்கியபோது அது போர்டையும் என்னையும் தனித்தனியாக எறிந்தது. கை முழங்கை வரை மரத்துப்போய், ஓட்டில் மோதிய முழங்கையில் ரத்தம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணிக் காலி செய்கிறவர்கள் உண்டு. செய்யாதே, பொறியும் பறக்கும், போர்டும் போகும். 100 வாட் குண்டு பல்பில் இரண்டு வயர் கட்டித் தொட்டு எடு. ஒரு கணம் மின்னி அணையும், அப்புறமும் மீட்டர் வைத்துப் பார். அதே பல்பைச் சீரிஸாகப் போட்டுத்தான் பழுது பார்த்த எந்த சப்ளையையும் முதல் தடவை ஆன் செய்ய வேண்டும்.

ஐந்து ஆம்பியர் அடாப்டர் ஒன்று ரெடிமேடாக வாங்குவது உன் டிரான்ஸ்ஃபார்மரைவிட மலிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரும்புதான் பிடிக்கும். மலிவு அடாப்டரில் மீடியம் வேவ் ரேடியோ வைத்தால் இரைச்சல். ஆனால் மீடியம் வேவ் கேட்பவன் நான் ஒருவன்தான், அதை வைத்து உனக்கு யோசனை சொல்வது நியாயம் இல்லை.

மார்ச் 13

5408 போட்டாயிற்று, 4700 போட்டாயிற்று, பாட்டு வருகிறது, ஆனால் ஹம் போகவில்லை, இன்னொரு 4700 போட்டும் அப்படியே என்கிறாய். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலுமா? படம் போடு.

மார்ச் 13, இரவு

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இன்புட் வயரின் எர்த்தை எங்கே பற்றவைத்திருக்கிறாய் பார். டையோடு பிரிட்ஜின் மைனஸுக்கும் கண்டென்சரின் மைனஸுக்கும் நடுவில் ஓடும் வயரில். மார்ச் 6 அன்று எழுதினேனே, 2, 3 மில்லி நொடியில் வரும் அந்த முரட்டு ஓட்டம், அது போய் வரும் பாதையே அந்த வயர்தான். நாலு அங்குல வயர்தானே என்று நினைக்காதே. அதிலும் சில மில்லிவோல்ட் விழும், அதைப் பாட்டு என்று நினைத்து ஐசி பெருக்குகிறது. கண்டென்சரைக் கூட்டக் கூட அந்த இழுப்பு இன்னும் குறுகி முரடாகும், ஹம் குறையாது.

எர்த்தைக் கழற்றி, போர்டின் இன்புட் பக்கம் உள்ள எர்த்தில் வை. போர்டிலிருந்து கண்டென்சரின் காலுக்குத் தனியாக ஒரு வயர். பிரிட்ஜிலிருந்து வருவது அதே காலில் வந்து முடியட்டும், அதைத் தாண்டிப் போகக் கூடாது.

மார்ச் 14

ஹம் போய்விட்டதாம். வால்யூமைத் திறந்தால் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது என்கிறான். பாட்டு ஓடும்போது 14 வோல்ட் நிற்கிறதாம், டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க முடிகிறதாம்.

கழற்றின 16 வோல்ட் கண்டென்சரை என்ன செய்வது என்று கேள்வி. 18-இல் நின்றது தானே, கொஞ்ச நேரம்தான். தலை உப்பாமல் தட்டையாக இருந்தால் 6 வோல்ட், 9 வோல்ட் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். உப்பியிருந்தால் குப்பை. சாமி படம் இல்லாத அறையில் சோதித்துப் பார்.